முதலில் வாய் திறப்பவர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். "இங்கே எல்லோரும் சுகம்னு எழுது" என்று அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருக்கிறார். எல்லோரும் என்றால் அவரும் நானும்தான். அவருக்குக் கால் வீக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எனக்குத் தோள்பட்டை வலி இறங்கவில்லை. உன் தலைவலி எப்படி இருக்கிறது?

போனில் கேட்டால் ஆகாதா என்பாய். போனில் நீ "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அப்பாவுக்கும் கடிதம்தான் வேண்டுமாம். "போன்ல பேசினது காத்தோட போயிடும். எழுதி அனுப்பினா வேன்ல படிச்சுக் காட்டலாம்" என்கிறார். ஆமாம், உன் கடிதங்கள் வேனில்தான் அரங்கேறுகின்றன. அதனால் கொஞ்சம் பார்த்து எழுது.

உனக்குத் தெரியும், அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் மத்திய அரசு வேன் வாசலில் வந்து நிற்கும். டிரைவருக்கு வேனில் போகிறவர்கள் வைத்த பெயர் 'பிரேக்'. அவன் வண்டியை நிறுத்தினால் பல் செட் கையில் வந்துவிடும் என்று அப்பா சொல்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அல்லவா, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச்சை ஏன்டா மிதிச்சுக் கொல்றே" என்று போகும்போதும் வரும்போதும் அவனுக்குப் பாடம். பின்னால் டீச்சரம்மா, கல்குவாரிக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் மிட்டாய்க்காரர், இன்னும் சிலர். மிட்டாய்க்காரர் விற்றது பாதி, தின்றது பாதி என்று சர்க்கரையில் சிறுநீரகத்தைத் தொலைத்தவர். அப்பாவுக்கு அவர்தான் உயிர்.

அந்த வேன் வருவதால்தான் நான் நிம்மதியாகக் கம்பெனிக்குப் போகிறேன். இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறி இவரை அழைத்துப்போய், நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிகளை எல்லாம் மத்திய அரசு மாநிலத்திடம் ஒப்படைக்கப் போவதாகப் பேப்பரில் வந்தது. மெஷின் யாருக்கு, நர்ஸ் யாருக்கு என்று போட்டிருக்கிறார்கள். வேனைப் பற்றி ஒன்றும் இல்லை. நீ அந்த வேலையில்தானே இருக்கிறாய்? மெதுவாகக் கேட்டுச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

* * *

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தலைவலி என்னோடுதான் இருக்கிறது, வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி. மற்றபடி நலம். உன் தோளுக்கு அந்த எண்ணெயை மட்டும் நம்பாதே, டாக்டரிடம் காட்டு. அப்பா காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டாம்.

ஆஸ்பத்திரிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தைப் பேசும் வேலையில்தான் இருக்கிறேன். எல்லா மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் தனித்தனியாக மத்திய அரசோடு உட்கார்ந்து பேசுகின்றன. எங்கள் மாநிலத்தின் பக்கம் செயலாளரும் நாங்கள் சிலரும். மத்திய அரசு சொல்வது இதுதான்: "செலவில் ஒரு பங்கு தருகிறோம், நடத்துவது உங்கள் பொறுப்பு." கட்டடம், மெஷின், நர்ஸ், தண்ணீர் சுத்திகரிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து இது உனக்கு, இது எனக்கு என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். சொத்துப் பிரிக்கும் அண்ணன் தம்பி மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே எல்லோரும் எனக்கு வேண்டாம் என்று சண்டை போடுகிறோம்.

இதில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. எந்தப் பொருளைப் பற்றி யார் முதலில் வாய் திறக்கிறார்களோ, அது அவர்கள் தலையில். "இது என்ன ஆகும்?" என்று கேட்டால் போச்சு. "அட, உங்களுக்கு அக்கறை இருக்கே, நீங்களே பாத்துக்குங்க" என்று எதிர்ப்பக்கம் பேனாவை மூடிவிடும். போன வாரம் அறையில் ஏசி நின்றுவிட்டது. சொன்ன பக்கம் அடுத்த கூட்டத்துக்கு இடம் பிடிக்க வேண்டிவரும் என்று இரண்டு பக்கமும் வாயே திறக்கவில்லை. மாலை வரை வியர்த்து ஊற்றிக்கொண்டு, பிரமாதமான அறை என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம்.

வேன் விஷயமாக அப்பாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்
தம்பி

* * *

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். அதிலும் அப்பாவைக் கேட்கவே வேண்டாம், உன் கடிதம் வந்ததிலிருந்து தரையில் கால் பாவவில்லை. ஏசி கதையை வேனில் மூன்று தடவை படித்தாராம். பிரேக் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தானாம்.

இன்னொன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ் ஒரு யோசனை சொல்லியிருந்தார். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் வேனை நிறுத்தக் கூடாது என்று இரண்டு அரசுக்கும் மனு அனுப்பினால், பேச்சுவார்த்தையில் அதை வைத்தே ஆக வேண்டுமாம். டீச்சரம்மா முத்து முத்தாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அன்றைக்குத் தபாலில் போடுவதாக இருந்தது. அப்பா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "எதுக்கும்மா மனு? மனுன்னா பத்து மேஜை தாண்டிப் போகணும். என் பையன் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருக்கான்" என்று கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

மிட்டாய்க்காரர் மட்டும், "அதையும் போட்டு வச்சா என்ன குறைஞ்சிடும் அண்ணே?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என் பையன் மேல நம்பிக்கை இல்லேன்னா நேரா சொல்லிடுங்க" என்றாராம். அதற்கு மேல் யார் பேசுவார்கள்? டீச்சரம்மா மனுவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு என்னவோ மிட்டாய்க்காரர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. போட வேண்டும் என்றால் ஒரு வார்த்தை எழுது. அப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அக்கா

* * *

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் தெரியவில்லை. போன கடிதம் கிடைத்ததா? இந்த மாதக் கடைசியில் கையெழுத்து என்று ரேடியோவில் சொன்னார்கள். மனுவைப் போடட்டுமா, வேண்டாமா? போடு என்று மட்டும் எழுதினாலும் போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. மீட்டிங்காக இருக்கும்.

அக்கா

* * *

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். மூச்சு விட நேரமில்லாத வேலை. உங்கள் இருவர் உடம்பும் தேவலை என்று நம்புகிறேன்.

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. டிவியில் பார்த்திருப்பீர்கள், அமைச்சர்களுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரிகிறதே, அது நான்தான். மாநிலத்துக்கு நல்ல ஒப்பந்தம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். டயாலிசிஸ் மெஷின்கள் இரண்டு மடங்காகும். புதுக் கட்டடம் வரும். செயலாளர் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மெஷினில் படுத்திருக்கும்போது அப்பாவுக்குக் குளிர்கிறது என்று முன்பு போனில் சொன்னாயே, ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். மென்மையானது, கடிக்காது. மற்ற விஷயங்கள் போகப் போகச் சரியாகும்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

தம்பி

* * *

மே 18

அன்புள்ள தம்பிக்கு,

கம்பளி வந்தது. அப்பா வெயிலிலும் போர்த்திக்கொண்டு தெருவைச் சுற்றி வருகிறார். என் தோள் பரவாயில்லை. நீ இளைத்துவிட்டாய் என்று டிவியைப் பார்த்துச் சொன்னார், பாதி முகத்தில் அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

பிரேக்குக்கு ஜூனோடு வேலை முடிகிறதாம். தன் மேலதிகாரியைக் கேட்டிருக்கிறான். "இனிமே எல்லாம் மாநிலம் பார்த்துக்கும்" என்றாராம். பெரிய நர்ஸ் மாநில அலுவலகத்தில் கேட்டதற்கு, "வேனா? அது மத்திய அரசுத் திட்டம், எங்களுக்குக் கொடுத்த பொறுப்புல அது இல்லையே" என்றார்களாம். கம்பெனியில் துணி பரிசோதிப்பது என் வேலை. முன் பக்கத் துணியும் நன்றாக இருக்கும், பின் பக்கத் துணியும் நன்றாக இருக்கும், இரண்டையும் சேர்க்க வேண்டிய இடத்தில் தையலே விழுந்திருக்காது. இவள் போடுவாள் என்று அவளும், அவள் போடுவாள் என்று இவளும் விட்டிருப்பார்கள். அதுதான் ஞாபகம் வந்தது.

அப்பா அசரவில்லை. "புது வேன் வரப்போகுது, அதான் பழசை நிறுத்துறாங்க" என்கிறார். என்ன நிறம் என்றுகூட முடிவு செய்துவிட்டார்.

உன் போன கடிதத்தில் வேன் என்ற சொல்லே இல்லை, தம்பி. நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஆனால் டீச்சரம்மா என்னிடம், "உங்க தம்பி வேன் விஷயம் முடிஞ்சிடுச்சுன்னு எழுதியிருந்தாரே, அப்புறம் ஏம்மா இப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டார். அப்பா அந்த வரியைத் தானாகவே சேர்த்துப் படித்திருக்கிறார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்கா

* * *

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இடைக்கால ஏற்பாடு ஒன்று ஆலோசனையில் இருக்கிறது. அதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். அதுவரை அப்பாவுக்கு ஒரு வாடகைக் கார் ஏற்பாடு செய்திருக்கிறேன். வாரம் மூன்று நாளும் வீட்டு வாசலுக்கே வரும். அதைப் பற்றி நீ எதுவும் யோசிக்காதே.

அப்பாவுக்காவது சிரமம் இல்லாமல் இருக்கட்டும்.

தம்பி

* * *

ஜூலை 29

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா இருக்கிறார். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

வேன் நின்றுவிட்டது. கடைசி நாள் பிரேக் ஒவ்வொருவரையும் வீட்டுக்குள் வரை கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்டான். அன்றைக்கு ஒரு தடவைகூட அவன் பிரேக்கை அடித்துப் பிடிக்கவில்லை என்று அப்பா சொன்னார்.

நீ அனுப்பிய கார் வந்தது. அப்பா ஏறி உட்கார்ந்து, "முதல்ல டீச்சரம்மா வீடு, அப்புறம் குவாரி" என்று சொல்லியிருக்கிறார். கார்க்காரர், "எனக்கு உங்க ஒருத்தர் பேர்தான் சொல்லியிருக்காங்க பெரியவரே. குவாரி ரோட்டுல இந்த வண்டி இறங்காது" என்றாராம். அப்பா இறங்கிவிட்டார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சிய பிறகு, டீச்சரம்மாவை மட்டும் ஏற்றிக்கொள்ள இருவரும் சம்மதித்தார்கள். மிட்டாய்க்காரரைக் கடந்துதான் போகிறார்கள். குவாரி ரோடு பிரியும் இடம் வந்தால் அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார் என்று டீச்சரம்மா சொல்கிறார்.

மிட்டாய்க்காரர் நடந்து வந்து பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி வருகிறார். போய்ச் சேர்வதற்குள் அவருடைய மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வாரம் மூன்று என்பது இரண்டாகி, இப்போது ஒன்றாகிவிட்டது. போன வாரம் அவரைப் பார்த்தேன், முகம் ஊதி ஆளே அடையாளம் தெரியவில்லை. "உங்க தம்பிகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம், அவருக்கு ஆயிரம் வேலை" என்றார்.

என்ன ஆலோசனை, எங்கே இருக்கிறது? சீக்கிரம் சொல்.

அக்கா

* * *

செப்டம்பர் 2

தம்பிக்கு,

மிட்டாய்க்காரர் போய்விட்டார். இரண்டு நாள் கடை திறக்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியில் அதுவும் நின்றுவிட்டது.

அப்பா அடக்கத்துக்குப் போக வேண்டும் என்றார், அழைத்துக்கொண்டு போனேன். அங்கே ஒருவரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் இப்போது காரில் ஏற மறுக்கிறார். கம்பெனியில் லீவு போட்டுவிட்டு நான்தான் பஸ்ஸில் அழைத்துப்போகிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆலோசனை, ஏற்பாடு என்று எழுதாதே. அந்த அறையில் வேன் பேச்சு வந்ததா, வரவில்லையா? முதலில் வாய் திறப்பவர் தலையில் என்று நீதான் எழுதினாய். நீ வாய் திறந்தாயா?

பதிலைக் கம்பெனி முகவரிக்கு அனுப்பு. வீட்டுக்கு வந்தால் அப்பா முதலில் பிரித்துவிடுவார்.

அக்கா

* * *

செப்டம்பர் 19

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்.

வரவில்லை. நான் திறக்கவில்லை.

கடைசிக் கூட்டம் ஒரு மதிய வேளையில் நடந்தது. எல்லோருக்கும் ரயிலைப் பிடிக்கும் அவசரம். மத்திய அரசுப் பக்கத்து அதிகாரி ஒரு அம்மாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வேற ஏதாவது விட்டுப்போச்சா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று கேட்டார். அவருக்கு வேன் தெரியும். எங்கள் செயலாளருக்கும் தெரியும். முந்தின வாரமே அவர் எங்களிடம், "வேன் பேச்சை நம்ம பக்கம் யாரும் எடுக்கக் கூடாது. ரெண்டு மாசம் நின்னா ஜனங்க சத்தம் போடுவாங்க. மத்திய அரசே மறுபடி வண்டியைக் கொண்டுவந்து விட்டுடும்" என்று சொல்லியிருந்தார். அந்த அம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன். கிளாஸ் காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

அன்றைக்கு உன் இரண்டு கடிதங்களும் என் பையில் இருந்தன. மனு வந்திருந்தால் அதை மேஜையில் வைத்தே ஆக வேண்டும். யாரும் முதலில் வாய் திறந்ததாக ஆகாது, ஜனங்களே திறந்ததாக ஆகியிருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். போடு என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன், அக்கா. எழுதினால் நான் பேசப் போவதில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். வேனில் அவர் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் எனக்கும் பிடித்திருந்தது. அதை இழக்க மனசு வரவில்லை. எப்படியும் கடைசி நாள் தைரியம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மிட்டாய்க்காரரை நான் பார்த்ததே இல்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று இப்போது யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

தம்பி

* * *

அக்டோபர் 10

தம்பிக்கு,

நான் நன்றாக இல்லை. கம்பெனியில் இத்தனை லீவு தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள், வேலையை விட்டு நின்றுவிட்டேன். இதை உனக்குக் குத்திக்காட்ட எழுதவில்லை. இல்லை, குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஒரு வாரம் அலமாரியில் துணிக்கடியில் வைத்திருந்தேன். நானும் உன்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்று ஒரு நாள் உறைத்தது. எடுத்து அப்பா கையில் கொடுத்துவிட்டேன். அவர் வாய்விட்டுப் படிக்காமல் படித்தது இதுதான் முதல் தடவை. படித்துவிட்டு உன்னை ஒன்றும் சொல்லவில்லை. "அதையும் போட்டு வச்சா என்ன குறைஞ்சிடும்னு கேட்டாரு. நான்தான் கோவிச்சுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்கு நடந்தே போய், "வேன் விஷயம் முடிஞ்சிடுச்சுன்னு கடிதத்துல இல்லம்மா. நானா சேர்த்துப் படிச்சேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வேனில் வந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகிறார். தினம் ஒரு வீடு. என்னைக் கூட வர வேண்டாம் என்கிறார்.

உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. சின்ன வயதில் நீ எதையாவது உடைத்தால் நான்தான் உடைத்தேன் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அப்படிச் செய்து செய்து உன்னைக் கெடுத்தது நான்தானோ என்றும் ஒரு பக்கம் அழுகை வருகிறது.

ஒரு வார்த்தைதானே கேட்டேன், தம்பி.

அக்கா

* * *

டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தோள், அப்பாவின் கால், இரண்டையும் தினமும் நினைத்துக்கொள்கிறேன். எழுதத்தான் தைரியம் இல்லாமல் இருந்தேன்.

ஒப்பந்தத்தைத் திரும்பப் பார்க்கும் கூட்டம் நேற்று நடந்தது. அதே அறை, அதே அம்மாள். நான் எழுந்து நின்று, "நோயாளிகளைக் கொண்டுவருவது யார் பொறுப்பு என்று எங்கேயும் இல்லை. அது மாநிலத்தின் பொறுப்பு, நாங்கள் ஏற்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். செயலாளரைக் கேட்காமல் சொன்னேன். சொன்னதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள், அவரால் எல்லார் முன்னாலும் மறுக்க முடியவில்லை. வெளியே வந்ததும், "நீ செஞ்சது உனக்கே நல்லதில்ல" என்றார். இன்று காலை என்னைப் புள்ளிவிவரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கடைசிக் கூட்டத்திலேயே வாய் திறந்திருந்தாலும் இதே பிரிவுக்குத்தான் அனுப்பியிருப்பார்கள், இவ்வளவுதான் விஷயம் என்று நினைக்கும்போதுதான் தாங்க முடியவில்லை.

ஜனவரியிலிருந்து வேன் வரும். நான் ஊருக்கு வரலாமா? அப்பா எனக்கு ஒரு வரி எழுதுவாரா?

தம்பி

* * *

ஜனவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே அப்பாவுக்கு மூன்று நாளும் ஒழுங்காக மெஷின் கிடைப்பதால் முகம் தெளிந்திருக்கிறது. கம்பெனியில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், பழைய இடம் இல்லை, பரவாயில்லை.

வேன் வந்துவிட்டது. டிரைவர் வேறு ஆள், பிரேக்குக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம். டீச்சரம்மா உன்னை விசாரித்தார். நீ செய்ததை அவரிடம் சொன்னேன். "நல்லது. லேட்டா செஞ்சாலும் நல்லதுதான்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஊருக்கு வரலாமா என்று கேட்காதே, இது உன் வீடு, வா. என் கோபம் நீ வந்து நின்றால் போய்விடும், அது உனக்கே தெரியும்.

அப்பாவிடம் எழுதச் சொல்லி இரண்டு தடவை பேப்பரும் பேனாவும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "நீயே எழுதும்மா, நான் சுகம்னு எழுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் டிசம்பர் கடிதத்தைப் படித்தார். வேனுக்கு எடுத்துப்போகவில்லை.

இதை எழுதுவதா விடுவதா என்று நெடுநேரம் யோசித்தேன். நம் வீட்டில் சொல்லாமல் விட்டது போதும், எழுதிவிடுகிறேன். வேனில் புதிதாக ஒரு தையல்காரர் சேர்ந்திருக்கிறார். மிட்டாய்க்காரர் இருந்த சீட்டு. அவருக்கு மெஷின் நேரத்தை மாற்ற வேண்டுமாம். யாரைப் பிடிப்பது என்று தெரியாமல், "மேல யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று வேனில் இருந்த எல்லோரையும் கேட்டிருக்கிறார். டீச்சரம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பாமலே, "எங்களுக்கு அங்க யாரும் இல்லைங்க" என்றாராம்.

அக்கா